4-எச் கிளப்பில் பிள்ளையைச் சேர்க்க பண்ணை வேண்டுமா?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் அபார்ட்மெண்ட் வாழ்க்கை, மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. பள்ளியிலிருந்து பச்சை நாலிலைப் படம் போட்ட ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது, 4-எச் கிளப்பில் சேரச் சொல்லி. இது ஆடு மாடு வளர்க்கிறவர்களுக்குத்தானே, நாங்கள் சைவம், இருவரும் வேலைக்குப் போகிறோம், சேர்த்தால் என்ன கிடைக்கும், காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா, எங்கே போய்ச் சேர்ப்பது?

4-எச் என்பது பிள்ளைகள் தங்கள் கையால் செய்து கற்றுக்கொள்ளும் ஒரு அமெரிக்க இளைஞர் அமைப்பு. அதற்குப் பண்ணை தேவையில்லை, மாடும் தேவையில்லை. மகளைத் தாராளமாகச் சேருங்கள், மகனைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் இது கொண்டுபோய் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வரும் டியூஷன் இல்லை என்பது முதலிலேயே தெரிந்திருக்கட்டும். பிள்ளை ஒரு வேலையை எடுத்து, மாதக்கணக்கில் தன் கையால் செய்து, முடித்து, முன்பின் தெரியாத ஒருவர் முன் வைத்து விளக்க வேண்டும். பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால்தான் அது நடக்கும். நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது அங்கேதான், பணத்திலோ நேரத்திலோ இல்லை.

ஆடு மாடு நினைப்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1902இல் ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு கிளப் தொடங்கினார். மக்காச்சோளம் போடுவது, காய்கறித் தோட்டம், மண்ணை லிட்மஸ் தாளில் சோதிப்பது, இப்படி. அந்தக் காலத்தில் மினசோட்டா, அயோவா என்று வேறு மாநிலங்களிலும் இதே மாதிரி கிளப்புகள் முளைத்தன. பல்கலைக்கழகங்கள் நல்ல விதை, புது முறை என்று கண்டுபிடித்து வைத்திருந்தன, பெரியவர்கள் காதில்தான் ஏறவில்லை. சரி, பிள்ளைகளிடம் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்வோம், விளைந்தால் அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் (புஷல் என்பது தானியம் அளக்கும் அளவை) மக்காச்சோளம் எடுத்துக் காட்டினான். அதே ஆண்டு அதே மாநிலத்தில் மரீ க்ரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி கிளப் ஆரம்பித்தார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம், விளைந்த தக்காளியை டின்னில் அடைத்து விற்றுக் காசு பார்க்க வேண்டும். கணக்கும் அவர்களே எழுத வேண்டும். இன்றைக்கு நடப்பதும் ஏறக்குறைய இதேதான், தக்காளிக்குப் பதில் ரோபோ இருக்கலாம்.

1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தபோது இந்தக் கிளப்புகளுக்கு ஒரு நிலையான வீடு கிடைத்தது: கூட்டுறவு எக்ஸ்டென்ஷன். அதாவது ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள லேண்ட்-கிராண்ட் பல்கலைக்கழகம் (அரசு நில மானியத்தில் உருவானது), மத்திய வேளாண்துறை, உங்கள் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம், மூன்றும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. இதைச் சொல்லக் காரணம், 4-எச் ஒரு தனியார் கம்பெனி விற்கிற கோர்ஸ் இல்லை. மேலே சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் இருப்பார், கீழே கிளப்பை நடத்துவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். அதனால்தான் ஒரு கவுண்டியில் பிரமாதமாக நடப்பது பக்கத்துக் கவுண்டியில் சுமாராக இருக்கும். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் (தலை, நெஞ்சு, கைகள், ஆரோக்கியம்), இவைதான் அந்த நான்கு எச். (அந்தப் பச்சை இலைச் சின்னத்தைக் கண்டபடி பயன்படுத்தக் கூடாது என்று மத்தியக் குற்றவியல் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது, அவ்வளவு கௌரவம் அதற்கு.)

இப்போது புராஜெக்ட் விஷயம். சேர்ந்ததும் ஒரு பட்டியல் கொடுப்பார்கள், அதைப் பார்த்தால் தலை சுற்றும். தையல், சமையல், தோட்டம், மரவேலை, புகைப்படம், ராக்கெட், ரோபோட்டிக்ஸ், எலக்ட்ரிக்கல், பூச்சி சேகரிப்பு, நாய் பழக்குவது, முயல், கோழி, குதிரை, மேடைப்பேச்சு, துப்பாக்கி சுடுதல் வரை. பிள்ளை ஆறேழு டிக் அடிக்கும். முதல் வருடம் ஒன்றுக்கு மேல் விடாதீர்கள், மிஞ்சிப் போனால் இரண்டு. தேர்ந்தெடுக்க நான் சொல்லும் கணக்கு எளிது: தோற்றால் செலவு குறைவாக இருக்க வேண்டும், உடனே மறுபடி செய்து பார்க்க முடிய வேண்டும். ரொட்டி சுடுவது கல்லாகிப் போனால் அடுத்த சனிக்கிழமை இன்னொன்று சுடலாம். துணிப்பை தைத்தது கோணலாகப் போனால் பிரித்துத் தைக்கலாம். பன்றியோ கன்றுக்குட்டியோ அப்படி இல்லை, ஒரு வருடத்துக்கு ஒரே வாய்ப்பு. பத்து வயதில் அபார்ட்மெண்டில் இருக்கிற பெண்ணுக்குத் தையல், பேக்கிங், புகைப்படம், ஜன்னலோரச் செடி, சிறிய மின்சுற்று, இவற்றில் எது அவளுக்குப் பிடிக்கிறதோ அது. உங்களுக்குப் பிடிக்கிறது இல்லை. ரோபோட்டிக்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கண் விரிவது எனக்குத் தெரியும். அவளுக்கு நாய்தான் பிடிக்கும் என்றால், நாய் வைத்திருக்கும் தெரிந்த குடும்பம் ஒன்று சம்மதித்து கவுண்டி விதியும் அனுமதித்தால், நாய்தான்.

வருடத் தொடக்கத்தில் பிள்ளை ஒரு இலக்கு எழுதும். நடுவில் வேலை செய்யும், செய்ததை ரெக்கார்டு புக்கில் குறிக்கும், கோடையில் கவுண்டி ஃபேர் என்ற வருடாந்திரக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் (சில இடங்களில் அது இலையுதிர் காலத்தில் வரும்). அங்கே நடுவர். பல கவுண்டிகளில் பொருளை மேசையில் வைத்துவிட்டு வருவதோடு முடியாது, நடுவர் பிள்ளையை எதிரில் உட்கார வைத்துப் பேசுவார். பையின் உள்பக்கத்தைப் புரட்டித் தையல் நேராக ஓடியிருக்கிறதா, நூல் முனை வெட்டியிருக்கிறதா, ஜிப் மூலையில் துணி சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேள்வி. எந்த இடம் கஷ்டமாக இருந்தது? இந்தத் துணியை ஏன் எடுத்தாய்? அடுத்த முறை எதை மாற்றுவாய்?

அம்மா தைத்த பையை எடுத்துக்கொண்டு வந்த பிள்ளையால் இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. முதல் இரண்டுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பலாம், மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும். நானும் ஒரு கிளப்பில் தன்னார்வலராக இருக்கிறேன், ஃபேர் நாளில் இதை வருடா வருடம் பார்க்கிறேன்: பளபளவென்று கடையில் வாங்கியது போல ஒரு பொருள், பின்னால் வாயை அசைத்து விடை சொல்லிக்கொடுக்கும் ஒரு பெற்றோர், நடுவில் விழிக்கும் பிள்ளை. அடுத்த மேசையில் கோணல் தையலோடு ஒரு தலையணை உறை, இந்த ஓரத்தை மூன்று தடவை பிரித்தேன், அப்புறம் குண்டூசி குத்தி வைத்துத் தைத்தால் நழுவாது என்று கண்டுபிடித்தேன் என்று நிறுத்தாமல் பேசும் இன்னொரு பிள்ளை. நடுவர் யாரோடு அதிக நேரம் பேசுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிப்பனைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் வீடுகளில் இதில் கண்ணீர் வரும். பெரும்பாலும் டேனிஷ் முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். நீலம், சிவப்பு, வெள்ளை. இது முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு இல்லை. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், ஒரு அளவுகோல் வைத்து அதை முழுதாக எட்டினால் நீலம், சரிசெய்ய வேண்டியவை கொஞ்சம் இருந்தால் சிவப்பு, நிறைய இருந்தால் வெள்ளை என்று கொடுப்பார்கள். பத்துப் பேரும் நீலம் வாங்கலாம், ஒருவருமே வாங்காமலும் போகலாம். அதற்கு மேல் சாம்பியன், பெஸ்ட் ஆஃப் ஷோ என்று தனியாக உண்டு. ஆகவே, சிவப்பு வாங்கி வந்த பிள்ளையிடம் முதலிடம் யாருக்கு என்று கேட்காதீர்கள். ரிப்பனோடு வரும் குறிப்புச் சீட்டை எடுத்துப் படியுங்கள், அதில்தான் விஷயம் இருக்கும்.

அப்புறம் அந்த ரெக்கார்டு புக். பிள்ளைகளுக்குப் பிடிக்காத பகுதி இதுதான், பிடிக்காது என்று சொன்னால் நம்புங்கள். என்ன செய்தேன், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு, என்ன கற்றேன், யாருக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று எழுத வேண்டும். கடைசி வாரத்தில் உட்கார்ந்து வருடம் முழுவதையும் கற்பனையாக நிரப்பும் வீடுகள் ஏராளம். ஞாயிறு இரவு ஐந்து நிமிடம், இரண்டு வரி, ரசீதைச் செருகி வைப்பது, இந்தப் பழக்கம் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவுபடுத்தலாம். எழுதுவது அவள் வேலை.

மாதாந்திரக் கூட்டம் வேடிக்கையாக இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் பிள்ளைகளே, தேர்தல் வைத்து வருகிறவர்கள். முதலில் நாட்டுக்கான உறுதிமொழி, பிறகு 4-எச் உறுதிமொழி. நெற்றியைத் தொட்டு, நெஞ்சில் கை வைத்து, கைகளை விரித்து, நிமிர்ந்து நின்று சொல்வார்கள், இரண்டு கூட்டத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அடுத்து போன கூட்டத்தின் குறிப்பு, வரவு செலவு, தீர்மானம், வழிமொழிதல், வாக்கெடுப்பு. பதினோரு வயதுப் பையன் மேசையைத் தட்டி அமைதி கேட்பான், பீட்சா வாங்குவதா ஐஸ்கிரீம் வாங்குவதா என்பதற்கு முறைப்படி ஓட்டெடுப்பு நடக்கும். சிரிப்பாக இருந்தாலும், கூட்டத்தில் எழுந்து நின்று என் கருத்து இது என்று சொல்லும் பழக்கம் அங்கே வருகிறது. வீட்டில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட ஒரு வருடத்தில் அறிக்கை வாசிப்பதைப் பார்க்கலாம், எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு கிளப் நல்லதா என்று பார்க்கவும் இந்தக் கூட்டமே போதும். சேருவதற்கு முன் ஒன்றிரண்டு கூட்டங்களுக்குப் பிள்ளையோடு போய் பின்வரிசையில் உட்காருங்கள். யார் பேசுகிறார்கள்? ஒரு மணி நேரமும் பெரியவர் ஒருவரே பேசினால், பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தால், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், கவுண்டியில் வேறு கிளப் இருக்கும். வேலை நடக்கும் நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது: சுத்தியல் பிள்ளை கையில் இருக்கிறதா, தலைவர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப்பிலும் வகை உண்டு. பல புராஜெக்டுகளும் கலந்து நடக்கும் பொதுக் கிளப், குதிரை அல்லது ரோபோ என்று ஒன்றையே செய்யும் கிளப், பள்ளி முடிந்ததும் அங்கேயே நடக்கும் குழு, கோடை முகாம். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்குப் பள்ளியிலேயே நடப்பது வசதி, ஆனால் பொதுக் கிளப்பில்தான் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்க்க முடியும், அதற்காகக் கொஞ்சம் கார் ஓட்டலாம் என்பேன். பொருத்தமான கிளப்பே கிடைக்காவிட்டால், கிளப் இல்லாமல் தனி உறுப்பினராகப் பதிவு செய்யச் சில மாநிலங்களில் வழி உண்டு. பத்து வயதுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், தனியாக இருந்தால் பிள்ளை மூன்றாம் மாதம் விட்டுவிடும்.

இனி சைவம். இதை மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட் அனிமல் என்று பெயரிட்ட புராஜெக்டுகளில் பிள்ளை ஒரு ஆட்டையோ பன்றியையோ கன்றையோ மாதக்கணக்கில் வளர்த்து, ஃபேரில் நடத்திக் காட்டி, ஏலத்தில் விற்கும், பிறகு அது இறைச்சிக்குப் போகும். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் பிள்ளைகள் அழுவதைப் பார்க்கலாம். உங்கள் மகள் இதைச் செய்ய மாட்டாள் என்றாலும் ஃபேருக்குப் போனால் பார்ப்பாள், கேட்பாள், அதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். இதில் சேரும்படி யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். விலங்கு ஆசை இருந்தால் நாய், பூனை, கினி பிக், முட்டைக் கோழி, கறவை ஆடு என்று இறைச்சிக்குப் போகாத வகைகள் இருக்கின்றன. சில கவுண்டிகளில் பக்கத்துப் பண்ணைக்காரரின் விலங்கைக் குத்தகை மாதிரி எடுத்துப் பராமரித்துக் காட்டவும் விடுவார்கள். சமையல் புராஜெக்டில் சைவம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்று மட்டும்: உணவைப் பதப்படுத்திப் பாட்டிலில் அடைக்கும் பிரிவில் பாட்டியின் ஊறுகாய்ச் செய்முறையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வேளாண்துறை போன்ற இடங்களில் சோதித்து வெளியிட்ட செய்முறை மட்டுமே செல்லும், எவ்வளவு நேரம் எந்த முறையில் கொதிக்க வைத்தது என்று லேபிளில் எழுதச் சொல்வார்கள். புளிப்பு போதாத பாட்டிலில் பொட்டுலிசம் கிருமி வளரும் என்பதுதான் காரணம், பாட்டி மேல் சந்தேகம் இல்லை.

மகனுக்கு வருவோம். ஆறு வயது என்றால் க்ளோவர்பட் என்ற சின்னப் பிள்ளைகள் பிரிவு. பொதுவாக 5 முதல் 7 வரை, சில மாநிலங்களில் 8 வரை. போட்டி கிடையாது, கலந்துகொண்டதற்கே ரிப்பன், பெரிய விலங்குகளைத் தொட விடமாட்டார்கள். ஒட்டுவது, வெட்டுவது, விதை ஊன்றுவது என்று போகும். அக்கா போகும் கிளப்பிலேயே இது இருந்தால் சேருங்கள், இதற்காகத் தனியாக அலைய வேண்டாம். வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

காலேஜ். இதற்காகச் சேர்க்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் உதவாது என்று பொய் சொல்ல மாட்டேன். பத்து வயதில் தொடங்கி எட்டு வருடம் ஒரே துறையில் மேலே மேலே போன பிள்ளையிடம் கட்டுரையில் எழுத நிஜமான விஷயம் இருக்கும், ரெக்கார்டு புக்கில் ஆதாரமும் இருக்கும், 4-எச் உறுப்பினர்களுக்கென்றே உதவித்தொகைகளும் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அவசரமாகச் சேர்ந்தவருக்கு இது ஒன்றும் இருக்காது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லெர்னர் குழு 2002 முதல் பல வருடம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து ஆராய்ந்தது, 4-எச் பிள்ளைகள் சமூகப் பணியில் மற்றவர்களைவிட முன்னே நிற்கிறார்கள் என்று வந்தது. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் மாதா மாதம் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விடும் பெற்றோர் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எப்படியும் கொஞ்சம் முன்னேதான் இருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பணம் பெரிய தடை இல்லை. உறுப்பினர் கட்டணமே இல்லாத இடங்களும் உண்டு, சில பத்து டாலர் வாங்கும் இடங்களும் உண்டு, முடியாதவர்களுக்குத் தள்ளுபடி கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். உண்மையான செலவு பொருட்களில். தையல் மெஷினைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள், கிளப்பில் கேட்டால் பரணில் தூங்கும் மெஷின் ஒன்று யார் வீட்டிலாவது இருக்கும். உங்கள் நேரமும் கொஞ்சம் போகும்: சிற்றுண்டி கொண்டுவருவது, ஃபேர் நாளில் மேசை பார்ப்பது என்று பெற்றோரிடம் எதிர்பார்ப்பார்கள். நிரந்தரமாகப் பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டுமென்றால் பின்னணிச் சோதனையும் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் அதே சோதனைதான் என்று நினைத்தால் கோபம் போய்விடும். கூட்டத்தில் எப்போதும் சோதனை முடிந்த பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

எங்கே சேர்ப்பது என்றால், உங்கள் கவுண்டி பெயரோடு 4-எச் எக்ஸ்டென்ஷன் என்று தேடினால் அலுவலகத்தின் எண் வந்துவிடும். ஆன்லைனில் நேராகப் படிவம் நிரப்பலாம், ஆனாலும் முதலில் போன் செய்யுங்கள், எந்தக் கிளப்பில் இடம் இருக்கிறது, எந்தக் கிளப் பெயரளவில் மட்டும் ஓடுகிறது என்பதெல்லாம் பேச்சில்தான் தெரியும். பத்து வயதுப் பெண், தையலில் ஆசை, இந்தப் பகுதியில் தையல் சொல்லித்தரும் தலைவர் யாராவது இருக்கிறாரா என்று குறிப்பாகக் கேளுங்கள். புராஜெக்ட் பட்டியலில் பெயர் இருந்தாலும் கற்றுத்தர ஆள் இல்லாமல் இருக்கலாம். பல மாநிலங்களில் புது ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் தொடங்கும். நடுவிலும் சேரலாம், ஆனால் அந்த வருட ஃபேரில் வைக்க வேண்டுமென்றால் புராஜெக்டைப் பதிவு செய்யக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், விலங்கு என்றால் அது இன்னும் முன்கூட்டியே வரும். இந்த வருடத் தேதி தாண்டிவிட்டிருந்தால் பரவாயில்லை, இப்போதைக்குக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும், கோடையில் ஃபேரைப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். மற்ற பிள்ளைகள் மேசையில் வைத்திருப்பதைப் பார்த்தபிறகு அவள் தேர்ந்தெடுக்கும் புராஜெக்ட் நோட்டீஸைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைவிடச் சரியாக இருக்கும்.